சிரிக்க மட்டும் தெரிந்தவர்கள்

(காட்டுமன்னார்கோயிலில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



குழந்தைகள் படத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். பேசத்தான் வேணும். புள்ளைங்க மனசுல பாட்டோடு சேர்ந்து விழுவதுதான் பின்னால் பொதுப்புத்தியாக எழுந்து நிற்கிறது.

1994-இல் டிஸ்னி எடுத்த ‘லயன் கிங்’ கார்ட்டூன் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாட்டெல்லாம் நல்ல பாட்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ராஜா சிங்கம் முஃபாசா மகன் சிம்பாவுக்கு நாட்டைக் காட்டுகிறது. வெளிச்சம் படுகிற இடமெல்லாம் நம்முடையது, இருட்டாகத் தெரிகிற அந்தப் பக்கம் மட்டும் போகாதே என்கிறது. அந்தப் பக்கம் யானைகளின் எலும்புக்காடு, கழுதைப்புலிகள் இருக்குமிடம். ஊர், சேரி வரைபடத்தை உங்களுக்கு நான் விளக்கணுமா?

இப்போது பாத்திரங்களைப் பாருங்கள். சிம்பாவுக்குப் பயம், குற்ற உணர்ச்சி, காதல், திரும்பி வருதல் எல்லாம் உண்டு. அண்ணனைக் கொன்ற ஸ்காருக்கே பொறாமை, நக்கல், தனிப்பாட்டு. படத்தில் நன்றாக எழுதப்பட்ட ஆள் அவன்தான். (பெண் சிங்கங்கள் வேட்டையாடும், ஆனால் சிம்பா வரும்வரை எதிர்த்து நிற்காது. அது தனிக் கதை.) கழுதைப்புலிக் கூட்டத்தில் பெயர் உள்ளவை மூன்றே மூன்று. அதில் எட் என்பதற்குப் பேச்சே கிடையாது, வெறும் சிரிப்பு. மற்ற இரண்டுக்கும் குரல் கொடுத்தவர்கள் கறுப்பினப் பெண் ஊப்பி கோல்ட்பெர்க், மெக்சிக வம்சாவளியினரான சீச் மரின். அவர்களுக்குப் பசி இருக்கிறது, பசிக்குக் காரணம் சொல்லப்படவில்லை. அவர்கள் நுழைந்ததும் நிலம் காய்கிறது, சிம்பா திரும்பினால் மழை. தீட்டு என்ற சொல்லே இல்லாமல் தீட்டைச் சொல்லியாச்சு. ஸ்காரைக் கடைசியில் கடித்துக் கொல்வதும் இவர்கள்தான். பிறகு எங்கே போனார்கள்? படம் வாய் திறக்கவில்லை.

1960-களில் தான்சானியாவில் ஆய்வு செய்த ஹான்ஸ் க்ரூக், புள்ளிக் கழுதைப்புலிகள் பெரும்பாலும் தாமே வேட்டையாடித் தின்கின்றன என்று காட்டினார். பல நேரம் அவற்றின் இரையைப் பறிப்பது சிங்கம்தான். உழைத்தவன் திருடன், பறித்தவன் ராஜா!

இது வெள்ளைக்காரன் மட்டும் செய்த வேலை இல்லை. பாட்டும் கதையுமாய் நம்மிடமே ஒன்று இருக்கிறது. நந்தன் கதை. இந்தத் தாலுகா ஆதனூரைத்தான் நந்தன் பிறந்த ஊர் என்று இங்கே சொல்கிறோம். சேக்கிழார் பாடியதில் பண்ணையார் யாரும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கீர்த்தனையில்தான் வேதியர் ஒருவர் வந்து சேர்ந்தார். 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படத்திலும் அவர் இருக்கிறார். கோபம், நிபந்தனை, திகைப்பு, மனம் மாறி நந்தன் காலில் விழுவது என்று மனிதனுக்குரிய மாற்றமெல்லாம் வேதியருக்கு. சேரி ஜனங்களுக்கோ ஆடு வெட்டுவதும் கள்ளும், சபை சிரிப்பதற்கான பேச்சும். நாற்பது வேலியையும் ஒரே ராத்திரியில் முடிப்பவை சிவனுடைய பூதகணங்கள். வருஷா வருஷம் அந்தச் சேற்றில் நின்ற ஆட்களுக்கு அந்த வேலைகூடக் கதையில் தரப்படவில்லை.

நம்ம கலைக்குழுத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மேடைக்கு நந்தனை எடுங்கள். சிதம்பரம் போகாமல் ஆதனூரிலேயே நின்றவர்களில் மூன்று பேருக்காவது பெயர் வையுங்கள், பேச்சு எழுதுங்கள். எழுதியதைச் சேரியில் வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு பறையை எடுங்கள்.