கிளம்பாத சுழலி இயந்திரமும் காரணம் நாடும் தமிழும்



ஈயச் சுரங்கங்களால் எழுந்து, இன்று துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தால் மாணவர் நகராக விளங்கும் காம்பாருக்கு இயந்திரம் புதிதன்று. நீர் இறைக்கவும் மண்ணை வாரவும் இக்கிந்தா பள்ளத்தாக்கில் இயந்திரங்கள் ஓடிய காலம் ஒன்று உண்டு. இயந்திரம் நின்றால் வேலை நின்றது. ஆதலால் பழுதின் காரணத்தைக் காணத் தெரிந்தவருக்கு மதிப்பிருந்தது. அத்தகைய அறிவைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்பதே நம் வினா. அதனைச் சோதிக்க, கடினமான எடுத்துக்காட்டு ஒன்றையே கொள்வோம். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 ஆகிய மகிழுந்துகளில் உள்ள சுழலி இயந்திரம் கிளம்ப மறுத்தால் என் செய்வது?

முதலில் அதன் அமைப்பை அறிவோம். நாம் நாள்தோறும் காணும் இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. இதிலோ, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, இடை சிறுத்த நீள்வட்டக் கூட்டினுள் சுழல்கிறது. சுழலியின் மூன்று பக்கங்களும் மூன்று அறைகளாகின்றன. ஒவ்வோர் அறையும் கலவையை உள்வாங்கி, அமுக்கி, எரித்து, புகையை வெளியேற்றுகிறது. சுழலி ஒரு முறை சுற்றினால் தண்டு மூன்று முறை சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பதிந்துள்ள மெல்லிய சீல்களே அறைகளைப் பிரித்துக் காக்கின்றன. அவற்றின் மீது படிந்த எண்ணெய்ப் படலமும் அக்காவலுக்குத் துணை நிற்கிறது.

இங்கேதான் இவ்வியந்திரத்திற்கே உரிய நோய் பிறக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்தைக் கழுவுவதற்காகச் சில அடி நகர்த்தி உடனே நிறுத்துகிறார் ஒருவர். குளிர்ந்த இயந்திரத்திற்கு மிகுதியான பெட்ரோல் ஊட்டப்படுவது இயல்பு. எரியாத பெட்ரோல் அறைகளில் தங்கி, எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. சீல்கள் காவலை இழக்க, அமுக்கம் குறைகிறது, பிளக்குகளும் நனைந்துவிடுகின்றன. மறுபடி சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மேலும் பெட்ரோல் சேர்கிறது. காம்பாரின் வெயில் இதனைத் தடுக்குமா எனில், தடுக்காது. ஓடும் இயந்திரத்தின் வெப்பம் 80 பாகை செல்சியசைத் தாண்டுவது. இரவு முழுதும் நின்ற இயந்திரம் நம் வெப்ப நாட்டிலும் குளிர்ந்ததே.

பழுது காண்போர் நான்கு வினாக்களை வரிசையாகக் கேட்டல் வேண்டும்.

ஒன்று, போதிய விரைவில் சுற்றுகிறதா? மின்கலம் சோர்ந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால், நல்ல இயந்திரமும் கிளம்பாது. இரண்டு, பிளக் நனைந்துள்ளதா? நனைந்திருப்பின் பெட்ரோல் வந்திருக்கிறது. காய்ந்திருப்பின் அது வரும் வழியை ஆராய்தல் வேண்டும். மூன்று, தீப்பொறி தெறிக்கிறதா? சுழலி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்குகள் உண்டு. இரண்டையும் காண வேண்டும். ஆனால் பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் இச்சோதனை ஆகாது. நான்கு, அறைகள் அமுக்குகின்றனவா? எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, ஒரு சுழலியின் ஒரு பிளக்கை மட்டும் கழற்றிச் சுற்றச் செய்தால் ஊதல் ஒலி கேட்கும். மூன்று ஊதல்களும் சமமாக, வலுவாக இருப்பின் நலம். முனை சீல் ஒன்று உடைந்தால் அதன் இருபுறத்து அறைகளும் கசியும். ஆகவே ஓர் ஊதல் மட்டுமே வலுத்து ஒலிக்கும். மூன்றும் ஒருசேரத் தளர்ந்திருந்தால், தேய்மானமாகவும் இருக்கலாம், எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டதாகவும் இருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், உலர்த்தினால் தீரும் குறைக்கு இயந்திரத்தையே பிரித்துப் புதுப்பிக்கச் சொல்வர். உரிமையாளரின் பல மாத ஊதியம் அதில் கரையும். பிரித்தறியும் வழியோ எளிது. எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி, இயந்திரத்தைச் சுற்றவைத்துத் தங்கிய பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். தீ அண்டலாகாது. பின்னர் துளை வழியே சிறிதளவு இயந்திர எண்ணெய் விட்டு, காய்ந்த பிளக்குகளைப் பூட்டி, துண்டித்தவற்றை மீண்டும் இணைத்து முயல வேண்டும். ஸ்டார்ட்டருக்கு இடையிடையே ஓய்வு தேவை. கிளம்பி, சிறிது புகைந்து, சீராக ஓடினால் அது நனைதலே. மாறாக, குளிர்ந்தபோது கிளம்புவதும் சூடான பின் கிளம்ப மறுப்பதும் வழக்கமானால், தேய்மானத்தை ஐயுற்று அமுக்கத்தை அளந்து பார்த்தல் தகும்.

இனி மொழிக்கு வருவோம். பெலிக்ஸ் வாங்கெல் ஜெர்மனியில் உருவாக்கிய இவ்வியந்திரம் 1957இல் முதன்முதலாக ஓடியது. அதனை ஏற்ற ஹிரோஷிமாவின் மாஸ்டா பொறியாளர்கள், கூட்டின் உட்சுவரில் அலையலையான தழும்புகளைக் கண்டனர். அவற்றுக்குத் தம் மொழியிலேயே ‘பேயின் நகக்கீறல்’ என்று பொருள்படும் பெயரிட்டனர். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழுவினர், சீல்களின் அதிர்வே காரணமென்று தெளிந்து, சீலின் வடிவையும் பொருளையும் மாற்றினர். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. கண்ணால் கண்டதை வீட்டு மொழியில் சொன்னதால் அவர்களின் அறிவியல் குறைந்துவிடவில்லை.

நாம் கேட்ட நான்கு வினாக்களை எண்ணிப் பாருங்கள்: சுற்றுதல், நனைதல், தெறித்தல், அமுக்குதல். நான்கும் குழந்தையும் அறிந்த தமிழ் வினைகள். பிளக், சீல் என்னும் பெயர்கள் பட்டறையிலிருந்து வந்தவாறே இருக்கட்டும். சிந்தனையைச் செலுத்துபவை வினைச்சொற்களே. ‘நனைந்துவிட்டது’ என்னும் சொல் அடுத்து உலர்த்த வேண்டும் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது. கேட்பவரின் கைக்கு அடுத்த வேலையைக் காட்டாத கலைச்சொல், அகராதியில் மட்டுமே வாழும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் செய்து பார்க்கலாம். ஓடாத மிதிவண்டியோ எரியாத விளக்கோ போதும். மாணவர் ஒவ்வொருவரும் காரணத்தை ஊகிக்குமுன், சோதனைகளை வரிசையாகத் தமிழில் எழுதட்டும். ஒவ்வொரு விடையும் எந்தக் காரணத்தை விலக்குகிறது என்பதையும் எழுதட்டும். நாளை அவர்கள் எம்மொழியில் தொழில் பயின்றாலும், இந்த வரிசை அவர்களுடன் செல்லும்.