கருவி நின்றாலும் பாடம் நிற்கக் கூடாது

(கோட்டக்குப்பத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறைக்குத் தேவையான செயலி, விளையாட்டு, வினாடி வினா ஆகியவற்றை இன்று நாமே உருவாக்குகிறோம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கட்டைகளை இழுத்துப் பொருத்திச் செயலி செய்ய எத்தனையோ இணையதளங்கள் வந்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் பல, சிலரே அறிந்த சிறிய தளங்கள். அந்தக் கடை மூடப்பட்டால் நம் உழைப்பு என்ன ஆகும்?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மீனவர் குப்பங்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் மீன்களின் பெயர்களைக் கேட்டுத் திரட்டினார்கள். படமும் குரலும் சேர்த்து ஒரு செயலியும் செய்தார்கள். மறு ஆண்டு அந்தத் தளம் இலவசச் சேவையை நிறுத்திவிட்டது. செய்ததை வெளியே எடுக்க வழி இல்லை. ஒலிப்பதிவுகள் அத்தளத்தில் மட்டுமே இருந்ததால், பாட்டிமார்களின் குரலும் அதோடு போயிற்று.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். பாடங்களை அசையும் படங்களாக்க ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியது ஃபிளாஷ். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதில் செய்த எத்தனையோ பாடக் குறுந்தகடுகள் இன்று அலமாரியில் கிடக்கின்றன. ஸ்கிராட்ச் 2.0-வும் ஃபிளாஷை நம்பியே இருந்தது. ஆனால் அதை நடத்துபவர்கள் முன்கூட்டியே விழித்துக்கொண்டு, 2019 ஜனவரியில் 3.0-வை வேறு நுட்பத்தில் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் பழைய ஆக்கங்களும் அதில் திறந்தன.

கூகுள் தொடங்கிய ஆப் இன்வென்டர் இன்னொரு பாடம். 2011 இறுதியில் கூகுள் அதைக் கைவிட்டது. ஆனால் மூல நிரலைத் திறந்துவிட்டதால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. அதை ஏற்று 2012 முதல் நடத்துகிறது.

நம் மேல்நிலைக் கணினிப் பாடநூலையே பாருங்கள். முன்பு ஸ்டார் ஆபிஸ் கற்பித்தோம். அதை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த மென்பொருள் நின்றது. ஆனாலும் படித்தது வீணாகவில்லை. அதன் மூல நிரல் 2000-இலேயே ஓபன் ஆபிஸ் ஆக வெளிவந்திருந்தது. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல், அந்த ஓபன் ஆபிஸைத்தான் கற்பிக்கிறது.

ஆக, எந்தக் கருவியும் நிற்கலாம். அது நின்ற பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. புதிய தளத்தில் கணக்குத் தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, செய்ததை நம் கணினிக்கு இறக்கி, வேறு மென்பொருளிலும் திறக்க முடியுமா? இரண்டு, அதன் மூல நிரல் திறந்ததா? நடத்துபவர் விலகினால் வேறொருவர் எடுத்து நடத்த முடியுமா? மூன்று, சிக்கல் வந்தால் கேட்க நம் வட்டாரத்தில் அதைப் பயன்படுத்தும் இன்னொரு ஆசிரியர் இருக்கிறாரா? ஒரே ஆசிரியருக்கு மட்டும் தெரிந்த கருவி, அவருக்கு மாறுதல் வந்த அன்றே நின்றுவிடும்.

படம், ஒலி, வினாக்கள் ஆகியவற்றின் மூலக் கோப்புகளைத் தனியே ஒரு பென்டிரைவிலும் பள்ளிக் கணினியிலும் வையுங்கள். தமிழ் உரையை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். இவை இருந்தால் செயலி போனாலும் ஒரு வாரத்தில் மீண்டும் செய்துவிடலாம்.

பிள்ளைகளுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லித் தராதீர்கள். ஒரு நிபந்தனை எப்படி வேலை செய்கிறது, ஒரு செயலை ஏன் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம் என்பது புரிந்துவிட்டால், இன்று ஸ்கிராட்ச்சில் செய்த பிள்ளை நாளை பைத்தானிலும் செய்யும். நம் பிள்ளைகளில் பலருக்குக் கணினி கிடைப்பது பள்ளியில் மட்டும்தான். அந்தச் சில மணி நேரத்தில் கற்பது, தளம் மூடினாலும் அவர்களோடு போக வேண்டும்.