மருந்தில் கட்டிய மிதவை



பாண்டிருப்புக் கடலில் கரைவலை நீருள் மறைந்து கிடக்கும். மேலே ஆடும் மிதவையே அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். உடலுள் மருந்து சென்று பற்றும் இடத்தை அறியவும் அறிஞர் அத்தகைய மிதவையொன்றை நாடினர்.

நரம்புக்கலங்களிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுள் ஒன்று செரோட்டோனின். செய்தி முடிந்தபின் அதனை மீண்டும் கலத்தினுள் ஏற்றும் வாயில்கள் உண்டு. மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் இமிப்பிரமின் அவ்வாயில்களை அடைக்கின்றது. அம்மருந்தில் திரித்தியம் என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனைச் சேர்த்தால், அது பற்றிய இடங்களைக் கருவி கணக்கிடும். அடையாளமற்ற மருந்தை மிகுதியாக இட்டும் விலகாது எஞ்சுவதைக் கழித்துவிட வேண்டும்; அது வீணே ஒட்டியது.

குருதிச் சிறுதட்டுகளிலும் இமிப்பிரமின் பற்றும் இடங்கள் உள்ளன என்பதை 1979இல் பாரிசில் லாங்கர் குழுவினர் இம்முறையாற் காட்டினர். மூளையைத் தொடாமலே ஆராய வழி பிறந்தது. மருந்துண்ணாத மனச்சோர்வு நோயாளரிடம் அவ்விடங்கள் குறைந்திருப்பதாக 1980இல் அறிவித்தனர். பின்வந்த ஆய்வுகள் யாவும் அதற்கு உடன்படவில்லை. துயரை அளக்கும் குருதிச் சோதனை இன்றும் இல்லை.

ஆயினும் மருந்து பற்றும் இடம் உடலிலேயே உண்டு. மனச்சோர்வு பேயின் வேலையுமன்று, சோம்பலுமன்று. அதனால் வாடுவோரை இகழாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது சுற்றத்தார் கடன்.