நாணயத்துக்கு ஞாபகம் உண்டா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி ஒரு ரூபாய் நாணயத்தைப் பற்றியதாகும். "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் சோதிடன் பிழைப்பதும், சூதாடுகிறவன் நாசமாவதும், பெண் பெற்றவள் இழிவுபடுவதும் பெரிதும் இந்தச் சிறு கணக்கு நம் மக்களுக்கு விளங்காததினாலேயே ஆகும். நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பாமல், வீட்டில் நீங்களே சுண்டிப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

ஒழுங்கான நாணயத்தைச் சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் சமமான வாய்ப்பு உண்டு. ஆகவே தலை விழும் வாய்ப்பு அரை. இரண்டு முறை சுண்டினால் தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ என நான்கு வழிகள் உண்டு. இரண்டும் தலையாவது அவற்றில் ஒன்று, அதாவது கால். மூன்றும் தலையாக அரைக்கால். நான்கும் தலையாக வீசம். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்பாடே இதற்குப் போதும். தடவைக்குத் தடவை பாதியாக்கிக்கொண்டே போகவேண்டியதுதான். பத்தும் தலையாவதற்கு 1024இல் ஒரு வாய்ப்பு.

இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். "வரிசையாய் ஐந்து தலை விழுந்துவிட்டது, ஆறாவது கட்டாயம் பூதான்" என்கிறார்கள். ஆறும் தலையாவதற்கு 64இல் ஒரு வாய்ப்புத்தான் என்பது மெய்யே. ஆனால் ஐந்து தலைக்குப் பின் ஒரு பூ என்ற வரிசைக்கும் அதே 64இல் ஒன்றுதானே! நடந்து முடிந்த ஐந்தைப் பற்றி இனிப் பேச்சில்லை. ஆறாவதுக்கு எப்போதும்போல் அரைதான். நாணயத்துக்கு மூளையுண்டா, போன தடவை என்ன விழுந்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள?

1913ஆம் வருஷம் ஆகஸ்டு 18ஆம் தேதி மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் ரௌலட் சக்கரத்தில் கறுப்பு வரிசையாய் 26 தடவை விழுந்தது. அந்தச் சக்கரத்தில் கறுப்பு 18, சிவப்பு 18, பூஜ்யம் 1, ஆக 37 இடங்கள். கறுப்பு நீள நீள, "இனிச் சிவப்புத்தான்" என்று பணக்காரச் சீமான்கள் பணத்தைக் கொட்டி இலட்சக்கணக்கான பிராங்குகளைத் தோற்றார்கள். 26 தடவையும் கறுப்பாவது சுமார் 13 கோடியே 70 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். ஆனால் 25 கறுப்பு விழுந்த பிறகு 26ஆவதும் கறுப்பாக 37இல் 18 பங்கு வாய்ப்பு இருக்கத்தான் செய்தது. படித்த சீமானுக்கும் பாமரனுக்கும் மடமையில் பேதமில்லை பாருங்கள்!

"அப்படியானால் கடைசியில் சரிபாதியாய் வருகிறதே, எப்படி?" என்று கேட்பீர்கள். ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர் 1940இல் டென்மார்க்கில் ஜெர்மானியர் படையெடுப்பில் சிக்கிக் காவல் முகாமில் அடைபட்டார். அங்கே நாணயத்தை 10,000 தடவை சுண்டிக் கணக்கெழுதினார். முதல் 100இல் தலை 44. பாதிக்கு 6 குறைவு. 1000இல் 502. 10,000இல் 5067, பாதிக்கு 67 அதிகம். வித்தியாசம் 6இலிருந்து 67 ஆகியும், நூற்றுக்கு 44 என்பது நூற்றுக்கு 50.67 ஆகிப் பாதியை நெருங்கிவிட்டது. நாணயம் பழைய பாக்கியைத் தீர்க்கவில்லை. பெருங்கணக்கில் பாக்கி கரைந்துபோயிற்று. அவ்வளவுதான்.

1024 பேருக்கு ஆளுக்கொரு நாணயம் கொடுத்துப் பத்துத் தடவை சுண்டச் சொல்லுங்கள். சராசரியாக ஒருவனுக்குப் பத்தும் தலையாய் விழும். அவனை மேடையேற்றி, "தெய்வ சக்தி பெற்றவன்" என்று மாலை போட்டால் எப்படி இருக்கும்? சோதிடன் கீர்த்தியும் இதுவே. பலித்ததை ஊரெல்லாம் பேசுகிறது; பலிக்காததைக் கேட்பாரில்லை.

தாய்மார்களே! நாலு பெண் பிறந்த வீட்டில், "ஐந்தாவது ஆண்தான்" என்று சோதிடன் சொல்ல, பரிகாரமும் செலவும் செய்து, உடம்பு தேய்ந்தவளை மறுபடி பிள்ளை பெற வைக்கிறார்கள். முன் பிறந்த நாலும் ஐந்தாவதைக் கட்டுப்படுத்துவதில்லை. அப்பொழுதும் வாய்ப்பு ஏறக்குறைய அரைதான். பலித்தால் பெருமை சோதிடனுக்கு. பலிக்காவிட்டால் பழி பெண்ணுக்கு! அதிலும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனுடைய விந்தணுவே என்று விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது. அப்படியிருக்க, "பெண்ணாய்ப் பெற்றாள்" என்று மனைவியைத் தூற்றுவது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

ஆகையால் தோழர்களே, யாராவது "இனி உனக்கு நல்ல காலம், விட்டதைப் பிடித்துவிடலாம்" என்று சொன்னால், அவன் மாளிகைக்காரனானாலும் பஞ்சாங்கக்காரனானாலும், "போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்னையா சம்பந்தம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் கூலிப் பணத்தையும் உங்கள் வீட்டுப் பெண்களின் மானத்தையும் காக்கும்.