குறட்டை நின்றால் கவனியுங்கள்



ஆரணியில் பட்டு நெசவாளர் வாழும் தெருக்களில் பகல்வேளையில் நடப்போர் செவியில் தறியின் ஓசை சீராக வந்து விழும். அவ்வோசை திடீரென நின்றால், பாவில் இழை அறுந்ததோ, நாடாவில் நூல் தீர்ந்ததோ என்று அடுப்படியில் இருக்கும் இல்லாளும் உணர்ந்துகொள்வாள். அதே இல்லத்தில் இரவில் வேறோர் ஓசை எழுகின்றது, அது குறட்டை. அது இடையே நின்றால் மட்டும், "அப்பாடா, ஓய்ந்தது" என்று நாம் மறுபுறம் திரும்பிப் படுத்துவிடுகின்றோம். ஈண்டுதான் பிழை செய்கின்றோம்.

குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். குறட்டை விடுவோரைக் கும்பகருணன் என்று கேலி செய்வதும் அதனால்தான். உண்மை அதுவன்று. உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்குப் பின்சாய்கின்றது, மூச்சுவழி குறுகுகின்றது. அவ்வழியே புகும் காற்று மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வே குறட்டை.

சிலருக்கு மூச்சுவழி முற்றிலும் அடைபட்டு, 10 விநாடிக்கு மேலும் மூச்சு நின்றுவிடும். மூளை விழித்துக்கொண்டு உடலை உலுக்கும். பெருமூச்சோடு குறட்டை மீண்டும் எழும். ஓர் இரவில் பன்முறை இவ்வாறு நிகழினும் உறங்குபவர் அதனை அறியார். 8 மணி நேரம் படுத்திருந்தும் காலையில் தலைவலி, நண்பகலில் தறியிலேயே கண்ணயர்வு. அவரைச் சோம்பேறி என்று பழித்தல் தகுமோ? நாளடைவில் இரத்தக் கொதிப்பும், இதய நோயும், பக்கவாதமும் நேரக்கூடும்.

பருத்தவர்க்கே இது வரும் என்பதும் தவறு. மெலிந்தவர்க்கும் பெண்டிர்க்கும் வரும். தொண்டைச் சதை வளர்ந்த சிறுவர்க்கும் வரும். மது அருந்தினால் நல்லுறக்கம் வாய்க்கும் என்பது அதனினும் பெருந்தவறு. அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி அடைப்பை மிகுவிக்கும்.

எல்லாக் குறட்டையும் நோயன்று. ஒருக்களித்துப் படுத்தலும், மிகுந்த உடல் எடையைக் குறைத்தலும் பலர்க்குப் பயன் தரும். நோயாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் முறையை 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்டார். அக்கருவி இன்று நம் நாட்டிலும் கிடைக்கின்றது.

தம் மூச்சு நிற்பதை உறங்குபவர் தாமே அறிய இயலாது. அருகில் இருப்பவரே அதற்குச் சாட்சி. ஆகவே, குறட்டை நின்று, திணறலோடு மீண்டும் தொடங்கக் கேட்டால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாவில் அறுந்த இழையைக் காலையில் முடிச்சிட்டுக்கொள்ளலாம். மூச்சின் இழை அத்தகையதன்று.