தருமிக்கே முதலிடம்: நாகேஷின் சிறந்த படங்கள் எவை?

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எனப் பல ஊர்களிலிருந்து இந்தக் காட்டுப்பள்ளி வரை வந்திருக்கும் அன்பர்களுக்கும், இரவு ஷிப்ட்டுக்குப் போக வேண்டியிருந்தும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் என் நன்றி. அறிமுக உரையில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். பேச்சுக்கு வருகிறேன்.

நாகேஷின் சிறந்த படங்கள் எவை என்று கேட்டால் தமிழ்த் திரைப்பட ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்'. பின்னாளில் 'நம்மவர்'. சிரிப்பு நடிகர் அழவும் வைத்தார், ஆகவே அவர் பெரிய நடிகர் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தோடு எனக்கு நெடுநாளாகவே சண்டை. என் சக ஆய்வாளர்கள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதும் அவர்களுக்குப் பாதி தெரியும். நாகேஷின் பன்முகத் திறனுக்குச் சான்று தேட அவருடைய அழுகைப் படங்களுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. சிரிப்புக்குள்ளேயே அவர் காட்டிய வேறுபாடுகள்தான் அரியவை. ஆண்டுகளை ஒப்பிட்டால் இது தெரியும். 1964இல் 'சர்வர் சுந்தரம்' வந்தது. அதே ஆண்டில்தான் 'காதலிக்க நேரமில்லை' செல்லப்பாவும் வந்தான். 1965இல் 'நீர்க்குமிழி'யில் சேது. அதே ஆண்டு 'திருவிளையாட'லில் தருமி. 1968இல் 'எதிர்நீச்சல்' மாது. அதே ஆண்டு 'தில்லானா மோகனாம்பா'ளில் வைத்தி. ஒவ்வோர் இணையிலும் அவர்கள் முன்னதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பின்னதைப் பிடிக்கிறேன்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். பல திறன் கொண்ட நடிகர் என்றவுடன் உலகம் முழுக்கவே வேடங்களின் எண்ணிக்கையையும் உருவ மாற்றத்தையும்தான் பார்க்கிறார்கள். 'நவராத்திரி'யில் சிவாஜி கணேசனுக்கு ஒன்பது வேடம். அதே 1964இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் பீட்டர் செல்லர்ஸுக்கு மூன்று. 'ரேஜிங் புல்' படத்துக்காக ராபர்ட் டி நீரோ உடல் எடையைக் கூட்டியதை இன்றும் வியந்து எழுதுகிறார்கள். இவை எவையும் சாதாரணச் சாதனைகள் அல்ல. ஆனால் நாகேஷை இந்தக் கோலால் அளக்க முடியாது. அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒல்லி உடம்பு, ஒடுங்கிய தோள். எந்தப் படத்திலும் இவற்றை அவர் பெரிதாக மறைக்கவில்லை. 'அனுபவி ராஜா அனுபவி'யில் இரட்டை வேடம் போட்டார் என்பதைத் தவிர, வேடக் கணக்கில் அவருக்குப் பெரிய மதிப்பெண் கிடையாது. ஒரே முகத்தை வைத்துக்கொண்டு எத்தனை மனிதர்களைக் காட்டினார் என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அழுகைப் படங்களின் மேல் எனக்குள்ள மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். 'சர்வர் சுந்தர'த்தில் காதலித்த பெண் நண்பனை விரும்புகிறாள். புகழ் வந்தபின் தாய் சாகிறாள். 'நீர்க்குமிழி'யில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் கலகலப்பான இளைஞனுக்குப் புற்றுநோய். 'எதிர்நீச்ச'லில் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு குடித்தனக்காரர்களுக்கெல்லாம் ஏவல் செய்யும் அநாதை. மூன்றும் கே. பாலசந்தரின் எழுத்து, மூன்றும் நல்ல எழுத்து. ஆனால் நம் கண்ணீருக்கான ஏற்பாட்டைக் கதையே முன்கூட்டிச் செய்துவிடுகிறது. நடிகர் அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். நாகேஷ் கெடுக்கவில்லை. மாதுவில் அதற்கு மேலும் செய்தார், மிகையாகப் போக வேண்டிய இடங்களில் அடக்கி வாசித்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், வேறொரு திறமையான நடிகரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. தருமியின் இடத்தில் வேறு எவரையும் வைத்துப் பார்க்க முடியவில்லை.

'திருவிளையாட'லை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாண்டிய மன்னனுக்கு ஓர் ஐயம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? தீர்ப்பவருக்கு ஆயிரம் பொற்காசு. ஏழைப் புலவன் தருமி கோயிலில் நின்று புலம்புகிறான். இறைவனே புலவராக வந்து பாட்டு எழுதித் தருகிறார். தருமி அதைத் தன் பாட்டு என்று அவையில் படிக்க, நக்கீரர் குற்றம் கண்டுபிடிக்கிறார். இங்கே துறைமுகத்திலும் கப்பல் தளத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதே இல்லை. பெரிய ஆள் செய்த வேலையைத் தன் பெயரில் பில் போட்டுக் கொண்டுபோன உட்குத்தகைக்காரர், தரச் சோதனை அதிகாரி முன்னால் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்தக் காட்சி. இந்தச் சிறிய கதைக்குள் நாகேஷ் நான்கு மனிதர்களாகிறார். முதலில் தனியே நிற்கும் தருமி. ஆயிரம் பொற்காசை இழந்துவிடுவோமே என்று பதறுகிறவன், இன்னும் கிடைக்காத பணத்தை இழப்பதாக அழுகிறான். இங்கே அவர் குரல் ஒரே சீராக ஓடுவதே இல்லை. கெஞ்சல், கணக்கு, கடவுளிடம் கோபம் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் மாறி மாறி வருகின்றன. கண் மேலே தெய்வத்தைப் பார்க்கிறது, கால் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது.

அடுத்து சிவபெருமானாக வரும் சிவாஜியின் எதிரே நிற்கும் தருமி. இப்போது அவன் தேர்வு வைக்கும் வாத்தியார். தனக்குக் கேட்க மட்டும்தான் தெரியும் என்று ஒப்புக்கொண்டபின், அந்தக் கேட்கும் உரிமையையே ஓர் அதிகாரமாக எடுத்துக்கொள்கிறான். கேள்விகள் ஒவ்வொன்றாக விழ, விடைகள் உடனுக்குடன் வருகின்றன. கேள்வி தீரத் தீரத் தருமியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஒரே இடத்தில் சடாரென்று காட்டாமல் பல கேள்விகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். இந்தப் பங்கீடுதான் நடிப்பு. இந்தக் காட்சியில் சிவாஜியை நாகேஷ் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். கிரிக்கெட் ஸ்கோர் போல நடிப்பைப் பார்ப்பவர்களின் பேச்சு அது. உண்மையில் சிவாஜி அசையாமல், நிமிர்ந்து, இடம் விட்டு நிற்கிறார். அந்தத் தூண் இல்லாவிட்டால் இந்தக் கொடி எதைச் சுற்றும்? தன்னைவிடப் பெரிய உருவத்தோடு போட்டியிட்டு உயர முயலாமல், அதன் காலடியில் புகுந்து காட்சியின் வேகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டதே நாகேஷின் கெட்டிக்காரத்தனம்.

மூன்றாவது தருமி அவையில். இங்கே அவன் புலவனைப் போல நடிக்கும் ஏழை. நடிகர் ஒருவர், நடிக்கத் தெரியாத ஒருவனாக நடிக்க வேண்டிய இடம். இரவல் பாட்டைப் படிக்கையில் குரல் விறைக்கிறது. மன்னன் மகிழ்ந்ததும் அந்த விறைப்பு தளர்ந்து பேராசை எட்டிப் பார்க்கிறது. நக்கீரர் தடுத்ததும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன. பாட்டில் எவ்வளவு பிழையோ அதற்கு ஏற்பப் பரிசைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அவன் பேரம் பேசும் இடத்தைக் கவனியுங்கள். நகைச்சுவைக்காக எழுதப்பட்ட வரிதான். நாகேஷ் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மெய்யாகவே நியாயமான யோசனை என்று நம்பிச் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது, அவன் சிரிக்கவில்லை. நான்காவது, தோற்றுத் திரும்பித் தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் தருமி. முதல் காட்சியைப் போலவே தனிமைதான், அதே மனிதன்தான். அங்கே மேலே பார்த்த கண் இங்கே பார்ப்பதற்கு ஆளில்லாமல் அலைகிறது. ஒப்பனை, உடை எதுவும் மாறவில்லை. இந்த நான்கு நிலைகளையும் ஒரே கிளைக்கதைக்குள் செய்து காட்டியவருக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். ஒன்று, அது சிவாஜி படம். நாகேஷ் ஒரு கிளைக்கதையில் வந்து போகிறவர். அதை எப்படி அவருடைய சிறந்த படம் என்பது? நடிகரின் பட்டியலை ரீல் நீளத்தால் போடுவதாக இருந்தால் கதாநாயகர்களைத் தவிர யாரும் தேறமாட்டார்கள். இரண்டாவது, வெற்றி இயக்குநர் ஏ.பி. நாகராஜனின் வசனத்துக்கே உரியது என்பது. வசனம் அருமை, மறுக்கவில்லை. அப்படத்தில் நக்கீரராக நின்று எதிர்வசனம் பேசியதும் அவரே. ஆனால் அதே வசனத்தைப் பள்ளி ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள். நாகேஷ் நிறுத்திய இடத்தில் நிறுத்தும் பிள்ளைக்குச் சிரிப்பு கிடைக்கிறது. தன் விருப்பத்துக்கு நிறுத்தும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மூன்றாவது, அவர் வெறும் உடம்பு நடிகர், தமிழ்நாட்டு ஜெர்ரி லூயிஸ் என்பது. இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் திருவிழா ஒலிபெருக்கியை மறந்துவிட்டார்கள். 'திருவிளையாடல்' கதைவசனம் ஒலித்தட்டாகவும் கேசட்டாகவும் கோயில் விழா, கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராக ஒலித்தது. படத்தைப் பார்க்காமலேயே தருமியைத் தெரிந்துகொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உடம்பே இல்லாமல், குரல் மட்டும் போய் அந்த மனிதனை அங்கே நிறுத்தியது.

நான் தருமியிடமே நேரத்தைச் செலவிட்டுவிட்டேன். மற்றவற்றை விரைந்து பார்க்கிறேன். வைத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமங்கலம் சுப்புவின் நாவலிலிருந்து அதே நாகராஜன் எடுத்த படம். நாயகி மோகனாவின் தாய் வடிவாம்பாளுக்கு வேண்டியவன் போல நடித்து, பெண்ணைப் பணக்காரர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துடிக்கும் தரகன். தருமியின் அதே குழைவுதான் இங்கேயும் இருக்கிறது. தருமியிடம் இரக்கம் தந்த அந்தக் குழைவு, வைத்தியிடம் அருவருப்பைத் தருகிறது. இருந்தும் நாம் சிரிக்கிறோம். வில்லனுக்குரிய உறுமலோ உருட்டல் விழியோ கிடையாது. படம் முடிந்தபின், இவனுக்கா சிரித்தோம் என்ற உறுத்தல் மிஞ்சுகிறது. செல்லப்பா இன்னொரு வகை. தந்தையான டி.எஸ். பாலையாவிடம் திகில் கதை சொல்லும் காட்சியில் பயப்படுகிற முகம் பாலையாவுடையது. அந்த முகத்தை மீட்டுகிற வேலைதான் நாகேஷுக்கு. எதிரே இருப்பவரின் நடிப்புக்குத் தாளம் போடுவதும் ஒரு திறன்தான்.

பிற்காலத்துக்கு வந்தால் இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ் நல்ல சாட்சி. அவரிடம் நாகேஷ் 1989இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் கொலைகாரன் தர்மராஜ், 1990இல் 'மைக்கேல் மதன காமராஜ'னில் அவினாசி, 1994இல் 'மகளிர் மட்டு'மில் பிணம். ஆம், பிணம்தான். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் ஆள் மாறித் தூக்கிவந்த உடலை இழுக்கிறார்கள், சாய்க்கிறார்கள், மறைக்கிறார்கள். தமிழ்த் திரையின் மிக வேகமான உடம்பு அங்கே எதையுமே செய்யவில்லை. தலை எந்தப் பக்கம் விழ வேண்டும், கை எவ்வளவு தளர்ந்து தொங்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது. அதே ஆண்டு 'நம்மவ'ரில் மகளை இழந்த தகப்பனாக நடித்ததற்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. விருதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1994ஐ நினைக்கையில் பிணம்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்க்கட்சிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தனி நகைச்சுவை டிராக்குக்காகவே அவரைக் கூப்பிட்டு, முந்தைய படத்தில் செய்ததையே திரும்பச் செய்யவைத்த படங்கள் ஏராளம். அவற்றில் வேறுபாடு தேடினால் கிடைக்காது. என் வாதம் அவருடைய எல்லாப் படங்களையும் பற்றியதன்று.

செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. முதலில் அவருடைய படங்களுக்கு ஆண்டு வாரியான, நம்பத்தக்க பட்டியல் வேண்டும். மேடை நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக வந்து எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்ற ரயில்வே ஊழியர் குண்டுராவ், நாகேஷாக 1959இல் 'தாமரைக்குளம்' படத்துக்கு வந்தது வரையிலான மேடைக் காலத்தைத் தனியே ஆராய வேண்டும். பாலையாவையும் நாகேஷையும் ஒன்றாக வைத்து ஒரு நூல் எழுதலாம். மனோரமாவோடும் அப்படியே. தருமி காட்சியின் நிறுத்தங்களை நொடிக் கணக்கில் அளந்து பார்க்கலாம். இப்போது அதற்குக் கருவி இருக்கிறது. 'அபூர்வ ராகங்க'ளில் குடித்துவிட்டுத் தன் நிழலோடு பேசும் மருத்துவரைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை, யாராவது எழுதுங்கள். கடைசிக் காலப் படங்களில் ஒன்றான 'தசாவதார'த்தில் (2008) கமல்ஹாசனின் பத்து வேடங்களுக்கு நடுவே தன் ஒரே முகத்தோடு அவர் எப்படி நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய கொட்டகைகளில் ஆபரேட்டராகவும் டிக்கெட் கிழிப்பவராகவும் இருந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். எந்தக் காட்சியில் அரங்கம் எப்படிச் சிரித்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரி மாணவர்கள் யாரேனும் ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு இந்தக் கோடை விடுமுறையிலேயே அவர்களைத் தேடிப் போக வேண்டும்.