பகேரியாக் கரையில் ஒரு நீர்மூழ்கி மாலுமி

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். பலெர்மோ நகரில் ரயில் ஏறிக் கிழக்கே போனால் கால் மணி நேரத்தில் பகேரியா வந்துவிடும். வழியில் எலுமிச்சைத் தோட்டங்கள், சாம்பல் நிறக் கல்மலைகள், அடுக்குமாடி வீடுகளின் மாடங்களில் காயும் துணிகள். வெயில் நம் தென்மாவட்டத்து வெயில்தான், காற்றில் மட்டும் ஈரம் குறைவு.

பகேரியா மாளிகைகளின் ஊர். 1658இல் ஜுசெப்பே பிராஞ்சிபோர்த்தி என்ற பிரபு அரசியலை விட்டு விலகி வந்து இங்கே ஒரு மாளிகை கட்டினார். அவர் பின்னாலேயே பலெர்மோவின் பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பலகோனியா மாளிகையின் மதில்மேல் கல்லில் செதுக்கிய விகார உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ பிறந்த ஊர் இது, திரைப்பட இயக்குநர் ஜுசெப்பே தொர்னத்தோரேயும் இந்த ஊர்க்காரர்தான். கலை நாட்டம் உள்ளவர்கள் இங்கே இரண்டு நாள் தங்கலாம். நான் அதற்காக வரவில்லை. இந்த ஊரின் கடலைப் பார்க்க வந்தேன்.

இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விசாகப்பட்டினத்து வீரபாகு தளம்தான் என் இளமையை வைத்திருந்த இடம். உலகில் எங்கே போனாலும், கரையில் நின்று பார்க்கும்போது தண்ணீருக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதைத்தான் மனம் தேடும். பலெர்மோ வளைகுடாவின் அடியில் என்ன நடந்தது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

பகேரியாவின் கடற்கரைப் பகுதிக்கு ஆஸ்ப்ரா என்று பெயர். மீனவர் குடியிருப்பு. நெத்திலி மீனை உப்பிட்டுப் பதப்படுத்துவது இங்கே தலைமுறைத் தொழில், அதற்கென்று ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். வண்ணம் அடித்த மரப்படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். என்னையும் என் மனைவியையும் அங்கே கூட்டிப் போனவர் பலெர்மோவில் பல காலமாக வாழும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர். "ஐயா, அங்கால தெரியுது பாருங்கோ, அதுதான் எங்கட மலை" என்று வளைகுடாவின் மறுகரையைக் காட்டினார். அது பெல்லெக்ரீனோ மலை. அதன் குகையில் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. 1624இல் வந்த கொள்ளை நோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று சிசிலியர்கள் நம்புகிறார்கள். இன்று அந்த மலைக்கு நடந்தே ஏறிப்போய் நேர்த்தி வைப்பவர்களில் ஈழத்தமிழர்களும் ஏராளம். அவர்களில் சைவர்களும் உண்டு. ஊரைவிட்டு வந்த சனத்துக்கு மலைமேல் ஒரு தாய் வேண்டியிருக்கிறது.

அந்த மலைக்கும், ஆஸ்ப்ராவுக்கு அருகே மூக்கு நீட்டி நிற்கும் சஃபெரானோ முனைக்கும் நடுவில் விரிந்து கிடப்பதுதான் பலெர்மோ வளைகுடா. இனி நான் சொல்லப் போவது 1943 ஜனவரி 2ஆம் தேதி இரவைப் பற்றி.

போரில் அப்போது இத்தாலி ஜெர்மனியின் பக்கம். பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் இரண்டு, தண்டர்போல்ட் ஒன்று, ட்ரூப்பர் மற்றொன்று, மால்டாவிலிருந்து வந்து இந்த வளைகுடாவுக்கு வெளியே இருட்டில் எழும்பின. அவற்றின் முதுகில் பெரிய உருளைப் பெட்டிகள். பெட்டிக்குள் 'சாரியட்' என்ற மனித டார்பிடோக்கள். ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், மின்கலத்தில் ஓடும், ஏறக்குறைய ஆள் நடக்கும் வேகம்தான். குதிரைமேல் உட்கார்வதைப் போல இரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்து, முக்குளிப்பு உடையோடு பிராணவாயுவைச் சுவாசித்தபடி தண்ணீருக்குள் போக வேண்டும். முனையில் இருக்கும் வெடிகுண்டைக் கழற்றி எதிரிக் கப்பலின் அடியில் பொருத்திவிட்டுத் திரும்ப வேண்டும். இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர்கள் இத்தாலியர்கள். 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் இப்படிப் புகுந்து, இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைத் தரைதட்ட வைத்தார்கள். அடிபட்டவர்கள் அதே ஆயுதத்தைச் செய்துகொண்டு இத்தாலிக்கே வந்தார்கள்.

ஐந்து சாரியட்டுகள் இறங்கின. கடல் கொந்தளித்துக் கொண்டிருந்தது. இரண்டுதான் காரியத்தை முடித்தன. ரிச்சர்ட் கிரீன்லாந்தும் அலெக்ஸ் ஃபெரியரும் துறைமுகத்தின் தடுப்பு வலைகளைக் கடந்து, உல்பியோ திரையானோ என்ற புதுப் போர்க்கப்பலின் அடியில் குண்டு வைத்தார்கள். பலெர்மோவிலேயே கட்டிய கப்பல் அது. தண்ணீரில் இறக்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஒரு பயணமும் போகாமல் பிறந்த துறைமுகத்திலேயே மூழ்கியது. இன்னோர் இணை விமினாலே என்ற பயணிகள் கப்பலைச் சேதப்படுத்தியது. வென்ற நால்வரும் தங்கள் நீர்மூழ்கிக்குத் திரும்ப முடியாமல் கரையேறிச் சிறைப்பட்டார்கள். மற்ற சாரியட்டுகளில் போனவர்களில் சிலர் மீளவில்லை.

ஆஸ்ப்ராவின் கரைக்கல்லில் உட்கார்ந்து இதை நான் சொல்லச் சொல்ல, என் மனைவி குண்டைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைங்க வீட்டுல என்ன சொல்லிட்டு வந்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், நேயர்களே. அதுதான் எங்கள் தொழில். மால்டாவில் மனோவெல் என்ற சிறு தீவில், கொள்ளை நோய்க் காலத்தில் கப்பல்காரர்களை அடைத்து வைத்த பழைய கட்டடத்தில்தான் அவர்களுடைய நீர்மூழ்கித் தளம் இருந்தது. தளம் எங்கே இருக்கிறது என்பது எதிரிக்கும் தெரியும், அதனால்தான் ஓயாமல் குண்டு போட்டான். ஆனால் எந்தப் படகு (நீர்மூழ்கியை நாங்கள் படகு என்போம்) என்றைக்குப் புறப்படுகிறது, என்ன சுமந்து போகிறது என்பதைச் சக மாலுமியும் கேட்கக் கூடாது. வீரபாகுவிலும் அப்படித்தான். 1971இல் தொடங்கிய தளம். வாசல், மரங்கள், கால்பந்துத் திடல் எல்லாம் ஊரறிந்தவை. 'போட்' என்றைக்குக் கிளம்பும் என்பது மட்டும் யார் வாயிலும் வராது. என் வீட்டிலிருந்து கடிதம் வந்தால் முகவரியில் என் பெயர், எண், கப்பல் பெயர், பிறகு கடற்படை அஞ்சலகம், விசாகப்பட்டினம். நான் கடலின் எந்த மூலையில் இருந்தாலும் அதே முகவரிதான். பாளையங்கோட்டையில் இருந்த என் தாய் நான் எப்போதும் விசாகப்பட்டினத்திலேயே இருப்பதாக நம்பியபடி கண்ணை மூடினார்.

படகுக்குள் எழுபத்தைந்து பேர் வரை இருப்போம். ரஷ்யாவில் கட்டிய டீசல் நீர்மூழ்கி, தொண்ணூற்றொரு மீட்டர் நீளம். குளிக்கத் தண்ணீர் கிடையாது. உடுத்தித் தூக்கிப் போடும் துணிதான் போடுவோம். ஒருவன் காவலுக்கு எழுந்தால் அவன் படுக்கையில் அடுத்தவன் படுப்பான். டீசல் வாடை தோலில் ஏறி, வீட்டுக்கு வந்து நாள் கணக்கில் குளித்தாலும் போகாது. கணவன் எங்கே போய்விட்டு வந்தான் என்று என் மனைவிக்குத் தெரியாது. எவ்வளவு நாள் கீழே இருந்தான் என்பதை அந்த வாடையின் கனத்தை வைத்துச் சொல்லிவிடுவாள்.

நம் ஊரிலேயே இந்த இரகசிய உலகத்தின் ஒரு நுனி இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும்போது, நாங்குநேரிப் பக்கம் வானத்தைத் தொடும் கோபுரக் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் அது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வானொலி அலை அனுப்பும் நிலையம். சாதாரண வானொலி அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. இந்த அலை மட்டும் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். மேலே எழும்பித் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே நீர்மூழ்கி அதைக் கேட்கலாம், ஆனால் அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அப்படி ஓர் அலையை அனுப்பத்தான் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரக் கம்பங்கள் வேண்டும், அதைப் படகில் எப்படி வைப்பது? ஆகவே கரை பேசும், படகு கேட்கும். என் சொந்த மாவட்டம் எனக்குப் பேசிக்கொண்டிருக்க, நான் வாய்மூடிக் கிடந்த நாட்கள் உண்டு.

பலெர்மோவுக்கு வந்த தண்டர்போல்ட்டின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அதன் முதல் பெயர் தீட்டிஸ். 1939 ஜூன் 1ஆம் தேதி லிவர்பூல் அருகே வெள்ளோட்டத்தின்போதே மூழ்கி 99 பேர் இறந்தார்கள். நால்வர் பிழைத்தார்கள். கடலிலிருந்து எடுத்துச் சீர்செய்து, புதுப் பெயர் வைத்துப் போருக்கு அனுப்பினார்கள். அந்த இரும்பு எந்தப் படகுடையது என்று தெரிந்தே அதில் ஏறினார்கள் மாலுமிகள். பலெர்மோத் தாக்குதல் முடிந்து பத்து வாரத்தில், 1943 மார்ச் 14 அன்று, இந்த வளைகுடாவுக்கு மேற்கே சான் வீத்தோ முனைக்கு அப்பால் சிக்கோன்யா என்ற இத்தாலியக் கப்பல் அதை மூழ்கடித்தது. ஒருவரும் தப்பவில்லை. ட்ரூப்பர் அதே ஆண்டு அக்டோபரில் ஏஜியன் கடலில் தொலைந்தது.

இவற்றோடு மூன்றாவது நீர்மூழ்கி ஒன்றும் மால்டாவிலிருந்து புறப்பட்டது. பெயர்கூட முறையாக வைக்கப்படாத பி-311. சர்தீனியாவின் மத்தலேனா துறைமுகத்துக்குப் போக வேண்டிய படகு. 1942 டிசம்பர் 31 அதிகாலையோடு அதன் செய்தி நின்றுபோனது. 71 பேர். கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்பதற்கு மேல் குடும்பங்களுக்கு விவரம் கிடைக்கவில்லை. 2016இல் மாசிமோ பொந்தோனே என்ற இத்தாலிய முக்குளிப்பாளர் சர்தீனியாவின் தவோலாரா தீவருகே அதைக் கண்டார். மனித டார்பிடோக்கள் இரண்டும் அதன் முதுகிலேயே இருந்தன. எழுபத்து மூன்று ஆண்டு! அந்த மனைவிமார் எந்த இடத்தை நினைத்து அழுதிருப்பார்கள்?

புறப்படும் முன் இரகசியம் வேண்டும், அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஒரு சொல் வெளியே போனால் எழுபது உயிர் போகும். ஆனால் போர் முடிந்து, படகே இரும்புக் கடைக்குப் போன பிறகும் வீட்டாரிடம் வாய் திறக்காமல் இருப்பதை நாங்கள் பெருமை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அது தவறு என்றே இன்று நினைக்கிறேன். விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே 1971 டிசம்பரில் மூழ்கிய பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கி இன்றும் கிடக்கிறது. அதற்குள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள். எதிரிதான். ஆனாலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் அவர்களுக்கும் இருந்தன. நான் இதைச் சொன்னபோது எங்களோடு இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி தலையை மட்டும் அசைத்தார். போனவர் என்ன ஆனார் என்று தெரியாத வீடுகள் அவர் ஊரில் எத்தனையோ.

பயண விவரம் சொல்லி முடிக்கிறேன். பகேரியா ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்ப்ராவுக்கு இறக்கமான சாலை, நடந்தே போகலாம். நேரம் இருந்தால் அங்கிருந்து சஃபெரானோ முனையின் கலங்கரை விளக்கப் பக்கம் போங்கள், வளைகுடா முழுக்கத் தெரியும். மேலே சொலுந்தோ என்ற பழங்காலப் பட்டணத்தின் இடிபாடுகள் உண்டு. இத்தாலிவரை போக முடியாதவர்கள் விசாகப்பட்டினம் போனால், ராமகிருஷ்ணா கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள். கேட்டால் சொல்வார்கள்.